குறட்டையும் ஈறும்

(கோரிப்பாளையத்தில் நடந்த குறுவளமையக் கூட்டத்தில் நான் பேசியதன் எழுத்து வடிவம்)



மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த நேரத்தை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். தூக்கத்தைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான நேரம் கிடையாது. யாருக்காவது கண் சொருகினால் நான் வருத்தப்பட மாட்டேன். ஆனால் கூட்டம் முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டு இரண்டு கேள்வி கேட்பேன்.

நான் மருத்துவர் இல்லை. அறிவியல் பாடம் எடுக்கும் பட்டதாரி ஆசிரியை. இன்று பேசப்போவது என் வாயில் தொடங்கி என் வகுப்பில் ஒரு பையன் வரைக்கும் வந்து நிற்கிற விஷயம். அதனால் கொஞ்சம் சொந்தக் கதையும் இருக்கும்.

இரண்டு வருடமாகப் பல் துலக்கும்போது எனக்கு ஈறில் ரத்தம் வரும். துப்பினால் தண்ணீர் இளஞ்சிவப்பாக இருக்கும். நான் செய்தது என்ன தெரியுமா? ரத்தம் வரும் பக்கத்தில் துலக்குவதைக் குறைத்துக்கொண்டேன். உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன். கிராம்புத் தைலம் வைத்தேன். வலி இல்லை, அதனால் அவசரமும் இல்லை. பல் மருத்துவரிடம் போய்ச் சுத்தம் செய்யலாமா என்று வீட்டில் கேட்டபோது என் மாமியார், "பல்லைச் சுரண்டினா பல்லு ஆடிப்போகும், போகாதே" என்றார். இதே வசனத்தை உங்கள் வீட்டிலும் கேட்டிருப்பீர்கள். 8ஆம் வகுப்புக்கு உடல்நலம் சொல்லிக் கொடுக்கிற நானும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன்.

போன வருடம் கீழ்வரிசை முன்பல் ஒன்று நாக்கு பட்டால் அசைந்தது. அதற்குப் பிறகுதான் பயம் வந்தது.

பல் மருத்துவர் மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் விட்டு ஒவ்வொரு பல்லாக அளந்தார். நல்ல ஈறில் அந்த இடுக்கு 1 முதல் 3 மில்லிமீட்டர் ஆழம்தான் இருக்கும். எனக்கு 4, 5 என்று சொல்லிக்கொண்டே போய், ஓரிடத்தில் 6 என்றார். பல்லில் படியும் பாக்டீரியாப் படலம் நாளடைவில் கெட்டியாகிக் காரையாக மாறுகிறது. அதை எதிர்த்து உடம்பு சண்டை போடுகிறது. சண்டை ஈறோடு நின்றால் அது ஈறு அழற்சி. ஒழுங்காகச் சுத்தம் செய்தால் பழைய நிலைக்குத் திரும்பும். சண்டை உள்ளே இறங்கி, பல்லைத் தாங்கும் எலும்பை அரிக்கத் தொடங்கினால் அதுதான் பெரியோடான்டைட்டிஸ். கரைந்த எலும்பு தானாகத் திரும்ப வளராது. இதற்கு மேல் கரையாமல் நிறுத்தத்தான் முடியும். மாமியார் சொன்னதற்கும் அங்கே விடை கிடைத்தது. எலும்பு போன பல்லைக் காரைதான் சிமெண்டு மாதிரிப் பிடித்துக்கொண்டிருக்கும். அதை எடுத்ததும் ஆட்டம் வெளியே தெரிகிறது. ஆட வைத்தது சுத்தம் செய்தது அல்ல, அதற்கு முன்னால் சுத்தம் செய்யாமல் விட்ட வருடங்கள்.

அளந்து முடித்துவிட்டு, நான் எதிர்பார்க்காத ஒரு கேள்வி கேட்டார். "காலையில எழுந்திருக்கும்போது வாய் காய்ஞ்சு போயிருக்குமாம்மா? குறட்டை விடுவீங்களா?"

"வாய் காயும். குறட்டை இல்லை டாக்டர்" என்றேன்.

பொய் சொன்னேன். பெண்ணாக இருந்துகொண்டு குறட்டை விடுகிறேன் என்று சொல்ல வெட்கம். சில வருடங்களுக்கு முன்னால் தங்கிப் படிக்கும் பயிற்சி ஒன்றில் இரவு என் பக்கத்தில் படுத்த இரண்டு டீச்சர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு வராண்டாவுக்குப் போய்விட்டார்கள். மறுநாள் முழுக்கச் சிரிப்பு. அதிலிருந்து வெளியூர்ப் பயிற்சி என்றாலே ஏதாவது காரணம் சொல்லித் தவிர்த்துவிடுவேன். இந்த அறையிலும் அப்படித் தவிர்ப்பவர்கள் இருக்கலாம். கையைத் தூக்கச் சொல்ல மாட்டேன்.

என் வீட்டுக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவர்தான் போட்டு உடைத்தார். "லாரி மாதிரி வரும் டாக்டர். திடீர்னு நின்னுரும். அப்புறம் ஒரு பெரிய மூச்சோட திரும்பக் கிளம்பும். நின்ன நேரத்துலதான் நான் தூங்கிக்கிருவேன்."

மருத்துவர் சிரிக்கவில்லை. "அந்த நிக்கிற நேரம்தான் சார் பிரச்சினை" என்றார்.

நாம் தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு அந்தப் பாதை குறுகி, காற்று உரசிப் போகிற சத்தம்தான் குறட்டை. இன்னும் சிலருக்குப் பாதை முழுக்கவே மூடிக்கொள்கிறது. மார்பும் வயிறும் மூச்சிழுக்க முயல்கின்றன, காற்று போவதில்லை. 10 விநாடிக்குக் குறையாமல் இப்படி நின்றால் அதை ஒரு மூச்சுத்தடை என்று கணக்கில் எடுக்கிறார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, மூளை பதறி அரைகுறையாக விழிக்க வைக்கிறது, பாதை திறக்கிறது. நமக்கு எதுவும் நினைவிருக்காது. மூச்சு முழுக்க நிற்பதையும் பாதியாகக் குறைவதையும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு எத்தனை தடவை என்று எண்ணுவார்கள். பெரியவர்களுக்கு 5க்குக் கீழே இருந்தால் பரவாயில்லை. 15க்கு மேல் நடுத்தரம். 30க்கு மேல் கடுமை. இதைத்தான் ஸ்லீப் ஆப்னியா என்கிறார்கள்.

விரலில் ஒரு கிளிப், மூக்கில் ஒரு சின்னக் குழாய், மார்பில் ஒரு பட்டை மாட்டிக்கொண்டு ஒரு இரவு தூங்கினேன். மணிக்கு 19 என்று வந்தது. கணக்கு ஆசிரியர்கள் பெருக்கிக்கொள்ளுங்கள். 7 மணி நேரம் தூங்கினால் 133 தடவை.

அதற்கு முந்தைய மாதம்தான் நம்ம கோரிப்பாளையம் சிக்னலில் ஸ்கூட்டியில் நின்றபோது கண் மூடிவிட்டது. பின்னால் நின்ற ஆட்டோக்காரர், "அக்கா, பச்சை விழுந்திருச்சு" என்று கத்திய பிறகுதான் விழித்தேன். வீட்டு வேலை, பள்ளி வேலை, எமிஸ் பதிவு, வயசு என்று அதற்குக் காரணம் கற்பித்துக்கொண்டிருந்தேன். ஓடும் வண்டியில் வந்திருந்தால் பாலத்தில் என்ன ஆகியிருக்கும் என்று அதற்குப் பிறகு பல இரவு நினைத்திருக்கிறேன்.

சரி, தொண்டையில் நடப்பதற்கும் ஈறுக்கும் என்ன சம்பந்தம்?

முதலில் எச்சில். நம் வாயின் துப்புரவுப் பணியாளர் எச்சில்தான். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 லிட்டர் சுரக்கிறது. பல்லைக் கழுவும், அமிலத்தை மட்டுப்படுத்தும், கிருமியை அடக்கும். தூங்கும்போது இயல்பாகவே அது மிகவும் குறைந்துவிடும். இருக்கிற கொஞ்சத்தையும், வாயைத் திறந்து மூச்சு விடுகிறவர் காற்றில் காயவிடுகிறார். காய்ந்த ஈறில் படலம் ஒட்டிக்கொள்வது சுலபம். வாயால் மூச்சு விடுகிறவர்களுக்கு மேல் முன்பல் ஈறு சிவந்து, வீங்கி, மினுமினுப்பாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

இரண்டாவது, கொஞ்சம் ஆழமானது. இரவு முழுக்க ஆக்சிஜன் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தால் உடம்பில் அழற்சியைத் தூண்டும் பொருட்கள் ரத்தத்தில் கூடுகின்றன. ஈறு நோயிலும் அதே வகைப் பொருட்கள் கூடுகின்றன. ஒரு பக்கத்து நெருப்பு இன்னொரு பக்கத்துக்கு விறகு போடுகிறது என்பது ஆராய்ச்சியாளர்களின் கருத்து.

2009இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. மூச்சுத்தடை உள்ள 66 பேரின் வாயைப் பார்த்தார்கள். நான்கில் மூன்று பேருக்கு மேல் பெரியோடான்டைட்டிஸ் இருந்தது. அந்த நாட்டுக் கணக்கெடுப்பில் பொதுமக்களிடம் இருந்த அளவைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு. 2013இல் தென்கொரியாவில் 687 பேரை வைத்து நடந்த ஆய்விலும் இரண்டும் சேர்ந்தே இருப்பது தெரிந்தது; ஆனால் கூடுதல் வாய்ப்பு 1.8 மடங்கு அளவில்தான் வந்தது. நான்குக்கும் 1.8க்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். சின்ன ஆய்வு பெரிய எண்ணைச் சொல்லும், பெரிய ஆய்வு அடக்கமாகச் சொல்லும். நம் மாணவர்களுக்கு அறிவியல் முறையைப் பற்றிச் சொல்லும்போது இந்த உதாரணம் நன்றாகப் பயன்படும்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சர்க்கரை நோய், உடல் பருமன், புகைபிடித்தல், வயது இவையெல்லாம் மூச்சுத்தடைக்கும் துணை, ஈறு நோய்க்கும் துணை. ஆகவே இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பதால் ஒன்றுதான் மற்றதை உண்டாக்கியது என்று சொல்லிவிட முடியாது. ஈறைச் சரிசெய்தால் குறட்டை போகும் என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள். சர்க்கரைக்கும் ஈறுக்கும் உள்ள இருவழித் தொடர்பு இதைவிட உறுதியாகத் தெரிந்த ஒன்று. சர்க்கரை மாத்திரை போடும் நண்பர்கள் காலைப் பார்ப்பதுபோல ஈறையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் இந்தத் தொடர்பால் நமக்கு என்ன பயன்? ஒன்றைப் பார்த்தவர் மற்றதைக் கேட்பார் என்பதுதான் பயன். என் பல் மருத்துவர் கேட்டார். அவர் கேட்காமல் காரையை மட்டும் எடுத்து அனுப்பியிருந்தால் நான் இன்னும் சிக்னலில் தூங்கிக்கொண்டிருப்பேன்.

சிகிச்சையிலும் இரண்டும் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்கின்றன. இது எனக்கே புதிய செய்தி. மூச்சுத்தடைக்கு முக்கியமான சிகிச்சை, முகமூடி வழியாகக் காற்றை லேசான அழுத்தத்தில் செலுத்தித் தொண்டையைத் திறந்தே வைக்கும் சிபாப் கருவி. 1981இல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் கண்டுபிடித்தது. முதல் கருவிக்கு வேக்கும் கிளீனரின் மோட்டாரைப் பயன்படுத்தினார்களாம். கருவி ஒத்துவராதவர்களில் சிலருக்கு, கீழ்த்தாடையைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் பிடிக்கிற ஒரு பல்கவசத்தைப் பல் மருத்துவர் செய்து தருவார். ஆனால் அது பற்களைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். ஆடுகிற பல்லில் அதை மாட்ட முடியாது. ஈறை விட்டதால் அந்த வழி எனக்கு அடைபட்டது. கருவிதான் என்றார்கள். அதிலும் காற்று கசிந்தால் வாய் காயும் என்பதால் ஈரப்பதம் தரும் பெட்டியோடு சேர்த்து வைத்திருக்கிறேன். முதல் பத்து நாள் அழுகை வந்தது. இப்போது அது இல்லாமல் தூக்கம் வருவதில்லை. மாமியார் மட்டும் இன்னும் அதை ஆஸ்பத்திரி சாமான் என்று துணி போட்டு மூடி வைக்கிறார்.

இது ஏதோ ஒன்றிரண்டு பேருக்கு வருகிற நோய் என்று நினைக்க வேண்டாம். 2004இல் மும்பையில் ஜரிர் உத்வாடியா என்ற மருத்துவர் நடுத்தர வயது ஆண்களிடம் நடத்திய ஆய்வில், 100க்கு 19.5 பேருக்குத் தூக்கத்தில் மூச்சுக் கோளாறு இருந்தது. பகல் தூக்கமும் சேர்ந்து நோயாகவே இருந்தது 7.5 பேருக்கு. கனடாவில் உருவான எட்டுக் கேள்விப் பட்டியல் ஒன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது. சத்தமான குறட்டை உண்டா, பகலில் அசதியா, மூச்சு நிற்பதை யாராவது பார்த்தார்களா, ரத்த அழுத்தம் உண்டா, உடல் நிறைக் குறியீடு 35க்கு மேலா, வயது 50க்கு மேலா, கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேலா, ஆணா. மூன்றுக்கு ஆம் என்றால் பரிசோதிப்பது நல்லது. கடைசிக் கேள்வியால் பெண்களுக்கு ஒரு மதிப்பெண் எப்போதும் குறையும். மாதவிடாய் நிற்கும் வயதுக்குப் பிறகு பெண்களுக்கும் இது கூடுகிறது. பல பெண்களிடம் குறட்டையைவிடக் காலைத் தலைவலியாகவும் ஓயாத அசதியாகவும்தான் தெரியும். ஆகவே டீச்சர்கள் மதிப்பெண் குறைந்ததென்று நிம்மதியாகிவிட வேண்டாம்.

இனி என் வகுப்புப் பையன். பெயர் வேண்டாம். 6ஆம் வகுப்பு.

எப்போதும் வாய் திறந்தே இருப்பான். இரண்டாவது பாடவேளையிலேயே தலை சாயும். கேள்வி கேட்டால் ஒரு நிமிடம் விழிப்பான். நான் ஒருமுறை எல்லார் முன்னாலும், "வாயை மூடுடா, ஈ போயிரப் போகுது" என்றேன். அன்றிலிருந்து அவனுக்கு வகுப்பில் 'ஈ' என்றே பெயர் ஆகிவிட்டது. நான் வைத்த பெயர். வேறு யார்மேலும் பழி போட முடியாது.

என் சிகிச்சை தொடங்கிய பிறகுதான் அவனை ஒழுங்காகப் பார்த்தேன். சிரிக்கச் சொன்னேன். மேல் முன்பல் ஈறு சிவந்து வீங்கி, பல் மருத்துவர் எனக்குக் காட்டிய படம் மாதிரியே இருந்தது. அவன் அம்மாவை வரச்சொல்லி, ராத்திரி எப்படித் தூங்குவான் என்று கேட்டேன்.

"நல்லாத் தூங்குவான் டீச்சர். குறட்டை விட்டு அயந்து தூங்குவான், அவங்க அப்பா மாதிரி. அம்புட்டு வேர்த்துக் கொட்டும். தலையப் பின்னால சாச்சுக்கிட்டுத்தான் படுப்பான்."

குறட்டை விட்டால் நல்ல தூக்கம் என்று நம்மில் எத்தனை பேர் நினைக்கிறோம்! குழந்தை வழக்கமாகக் குறட்டை விடுவது இயல்பு இல்லை. பெரும்பாலும் மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையோ, டான்சிலோ பெரிதாகிப் பாதையை அடைத்திருக்கும். வேர்ப்பது, கழுத்தை நீட்டிப் படுப்பது, படுக்கையில் சிறுநீர் போவது, பகலில் தூங்குவதற்குப் பதிலாகத் துறுதுறுவென்று அடங்காமல் இருப்பது எல்லாம் அதனோடு வரலாம். நாம் 'அடங்காதவன்' என்று எழுதிவைத்திருக்கும் சில பிள்ளைகள் தூக்கம் கெட்ட பிள்ளைகளாக இருக்கக்கூடும்.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1889இலேயே வில்லியம் ஹில் என்ற மருத்துவர் பிரிட்டிஷ் மருத்துவ இதழில், பிள்ளைகள் படிப்பில் பின்தங்குவதற்கும் மூக்கடைப்புக்கும் உள்ள தொடர்பை எழுதியிருக்கிறார். 1998இல் அமெரிக்காவில் டேவிட் கோசல், முதல் வகுப்பில் மிகவும் பின்தங்கிய 297 பிள்ளைகளைத் தேர்ந்து, இரவுத் தூக்கத்தைப் பரிசோதித்தார். 54 பேருக்கு மூச்சுக் கோளாறு இருந்தது. டான்சிலும் அடினாய்டும் எடுக்கப்பட்ட 24 பேரின் மதிப்பெண் அடுத்த ஆண்டு உயர்ந்தது; சிகிச்சை பெறாத பிள்ளைகளுக்கு உயரவில்லை. 2013இல் 464 பிள்ளைகளிடம் நடந்த இன்னும் கட்டுப்பாடான ஆய்வில், கவனத் தேர்வுகளில் பெரிய வித்தியாசம் வரவில்லை. தூக்கமும் நடத்தையும் மட்டும் தெளிவாக மேம்பட்டன. எனவே அறுவை செய்தால் முதல் மதிப்பெண் வாங்குவான் என்று எந்தப் பெற்றோரிடமும் சொல்லிவிடாதீர்கள். நிம்மதியாக மூச்சு விடுவான் என்று சொல்லுங்கள். அது போதாதா?

அவன் அம்மா முதலில் மறுத்தார். வேறோர் இடத்தில் சளி என்று சொல்லி மருந்து கொடுத்திருந்தார்களாம். 'வளர்ந்தா தானாச் சரியாயிரும்' என்றும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது முழுப் பொய்யும் இல்லை. அடினாய்டு சதை பதின்ம வயதில் பெரும்பாலும் தானே சுருங்கும். ஆனால் அது சுருங்குவதற்குள் அவன் 8ஆம் வகுப்பைத் தாண்டியிருப்பான், 'ஈ' என்ற பெயரோடு. மூன்று முறை பேசிய பிறகு, நாம் இப்போது உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் பெரியாஸ்பத்திரிக்கு, அதாவது அரசு இராஜாஜி மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். காது மூக்கு தொண்டைப் பிரிவில் பார்த்துவிட்டு அடினாய்டு என்றார்கள். சுத்தமாகத் துலக்கவும், ஈறைப் பல் பிரிவில் காட்டவும் சொல்லியிருக்கிறார்கள்.

உங்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் மருத்துவக் குழு வருடத்துக்கு ஒருமுறை நம் பள்ளிக்கு வருகிறது. பல் பார்ப்பது அவர்கள் பட்டியலில் இருக்கிறது. அவர்கள் ஒரே நாளில் எத்தனையோ பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். அந்தப் பிள்ளைகளோடு வருடம் முழுக்க இருப்பவர்கள் நாம். குழு வருவதற்கு முன்னால் வாய் திறந்தே இருப்பவன், முன்பல் ஈறு சிவந்தவள், காலை வகுப்பிலேயே தூங்குபவன் என்று நாலு பெயரை எழுதி வையுங்கள். பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணுக்கு முன்னால், "ராத்திரி குறட்டை விடுறானா?" என்று கேளுங்கள். நோயின் பெயரை நாம் சொல்ல வேண்டாம், அது மருத்துவர் வேலை. வகுப்பில் எல்லார் முன்னாலும் சிரிக்கச் சொல்லி ஈறைப் பார்க்கவும் வேண்டாம். அந்தத் தப்பை நான் பாதி செய்துவிட்டுப் பிறகுதான் அவனைத் தனியாகக் கூப்பிட்டேன்.

பெயர் விஷயமும் பாக்கி இருந்தது. போன வாரம் மூச்சுமண்டலம் பாடம் எடுத்தபோது, என் பரிசோதனைத் தாளையே வகுப்பில் காட்டினேன். "டீச்சருக்கு ராத்திரி 133 தடவை மூச்சு நின்னுச்சு. டீச்சரும் வாயைத் திறந்துதான் தூங்குவேன்" என்றேன். ஒரே சிரிப்பு. அவனும் சிரித்தான். பிறகு கையைத் தூக்கி, "டீச்சர், உங்களுக்கும் ஆப்பரேசனா?" என்றான். இல்லை, எனக்கு மிஷின் என்றேன். அதற்கு எவ்வளவு கரண்டு ஆகும் என்று அடுத்த கேள்வி கேட்டான். இந்த ஆண்டில் அவன் தானாகக் கேட்ட முதல் இரண்டு கேள்விகள் அவை.

வருகிற செவ்வாய்க்கிழமை அவனுக்கு அறுவைக்கு முந்தைய பரிசோதனை. அவன் அம்மாவுக்குக் கூட்டத்தில் எந்தக் கவுன்டருக்குப் போவதென்று தெரியவில்லை என்றார். நான் காலையில் அனுமதி சொல்லிவிட்டு அவர்களோடு போகிறேன்.

கண் சொருகியவர்கள் மட்டும் கொஞ்சம் இருங்கள்.